நிக்கட்டும்

எங்கள் வீட்டில் சண்டை போடுவது என் இலாகா. வாசலை அடைத்து யாராவது பைக்கை நிறுத்திவிட்டுப் போனாலும், ஷேர் ஆட்டோக்காரர் இடமே இல்லாத வண்டியில் இன்னொரு ஆளைத் திணித்தாலும், கேபிள்காரர் படமே வராத மாதத்தில் சிரித்துக்கொண்டு வந்து நின்றாலும், என் கணவர் என்னைத்தான் பார்ப்பார். நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போவேன். கத்துவேன். தெருவே வேடிக்கை பார்க்கும். தொண்டை காய்ந்து திரும்பி வந்தால் பைக் நின்ற இடத்திலேயே நிற்கும்.

பிறந்தது தென்னேரி. ஏரிக்கரையில் நின்று கூப்பிட்டால் கோடி வயலில் குனிந்திருப்பவர் நிமிர்ந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தத் தொண்டைதான். அம்மா உப்பு எடுக்கச் சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன தகராறு என்று எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் ஒரு கூத்தைக் கேளுங்கள். இவ்வளவு தொண்டை இருந்தும், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் நான் சொன்னதே கிடையாது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் இருந்து கரும்பலகை தெரியவில்லை என்று டீச்சரிடம் சொன்னதில்லை. பேங்கில் என் டோக்கனைத் தாண்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், கையில் ஃபைலோடு ஒருவர் எதிரில் வந்துவிட்டால் போதும், என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டுவேன், முக்கியமானதற்கு ஊமையாகிவிடுவேன். இரண்டுக்கும் நடுவே பேச்சென்று ஒன்று இருக்கிறது என்பது கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, தறியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

என் கணவர் நெசவாளி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் தறி. காஞ்சிபுரத்துப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு, ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடா மூன்று ஓட வேண்டும். நடுவில் உட்கார்ந்து நெய்கிறவர் உடலையும் இடது கரையையும் பார்த்துக்கொள்வார். வலது கரைக்கு இன்னொரு ஆள் வேண்டும். அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்து, ஒவ்வொரு இழைக்கும் கரை நாடாவைச் சரியான நேரத்தில் தள்ளித் தர வேண்டும். உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் அந்த இடத்துக்குத்தான் கோர்வை என்று பெயர். கல்யாணமான நாளில் இருந்து எங்கள் தறியில் அந்த வலது பக்கம் என்னுடையது.

வந்த புதிதில் ஒரு நாள் காலையில் என் பக்கக் கரையில் இழை ஒன்று தப்பியது. தப்பியதை நான் பார்த்தேன். அவர் நல்ல வேகத்தில் நெய்துகொண்டிருந்தார். அடுப்படியில் மாமியார், வாசலில் மாமனார். நேற்று வந்தவள், புருஷனைப் பார்த்து நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது. அவருக்குத் தெரியாமலா இருக்கும், அவரே பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நாடாவைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். அவர் கவனித்தபோது தப்பு ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

அவர் நாடாவைக் கீழே வைத்தார். எங்கள் அப்பாவாக இருந்திருந்தால் கூரை பறந்திருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு தயாராக இருந்தேன்.

"பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உங்களைப் போய் எப்பிடி நிறுத்தச் சொல்றது?"

அவர் குரலைத் தாழ்த்தி, அடுப்படிக்குக் கேட்காமல் சொன்னார். "என்னை நிறுத்தச் சொல்ல வேணாம். தறி நிக்கட்டும்னு சொல்லு. தறிதானே தப்பா போய்க்கினு இருக்குது. இதுல நீயும் இல்ல, நானும் இல்ல."

அன்றைக்குச் சாயங்காலம் வரை இருவரும் உட்கார்ந்து ஊடை நூலை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பட்டு நெய்வதைவிடப் பிரிப்பதுதான் கஷ்டம். ஜரிகை மடங்கிப் போகும், நெடுக்கே ஓடும் பாவு நூல் பஞ்சாகும். மாமியார் வந்து எட்டிப் பார்த்து, "இன்னாடா ஆச்சு?" என்று கேட்டபோது, "இழை தப்பிடுச்சும்மா" என்றார். யார் பக்கம் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அதற்கு நன்றி சொல்லத் தெரியாது எனக்கு. இரவுச் சாப்பாட்டில் அவருக்கு இரண்டு அப்பளம் அதிகமாகப் போட்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் தறியில் அது வழக்கமாகிவிட்டது. தப்பு கண்ணில் பட்டதும் "நிக்கட்டும்" என்பேன். ஒரே தடவை. குரலை உயர்த்துவதில்லை, தறிச் சத்தத்தில் உயர்த்தவும் தேவையில்லை, பக்கத்திலேயே இருக்கிறார். எந்த இடம் என்று விரலால் காட்டுவேன். அவர் கால் மிதியில் அப்படியே நிற்கும். குனிந்து பார்ப்பார், எடுப்பார், சரி செய்வார். "போலாமா?" என்று கேட்பார். "ஓடட்டும்" என்பேன். யார் தப்பு என்ற பேச்சு வராது. ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று வராது. உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா என்று வராது. மாமனார் தறியில் உட்கார்ந்து நெய்த நாட்களிலும் இதே கதைதான். தெருவில் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மனிதர், நான் நிக்கட்டும் என்றால் பட்டென்று நிற்பார்.

ஆனால் தறியை விட்டு எழுந்தால் நான் பழையபடி தென்னேரிக்காரிதான். கேபிள்காரரிடம் கத்தல், பேங்கில் ஊமை. கூடத்தில் கற்றதை வாசல்படி தாண்டிக் கொண்டுபோக எனக்குத் தோன்றியதே இல்லை. சாமி கும்பிடும்போது போடுகிற கைகூப்பலை மளிகைக் கடையில் போட மாட்டோம் இல்லையா, அதுமாதிரி அது தறிக்கு மட்டும் என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் மகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் வந்து பையை வீசிவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, இன்னிக்கு எங்களுக்கு டிரெய்னிங். எப்பிடிப் பேசறதுன்னு ஃபுல் டே கிளாஸ். கத்தவும் கூடாது, முழுங்கவும் கூடாதாம். இன்னா நடந்தது, உனக்கு இன்னா வேணும், அது ரெண்டை மட்டும் நேரா சொல்லணுமாம். உன்னை நெனச்சுக்கினே உக்காந்து இருந்தேன்."

"ஏன்டி, என்னை ஏன் நெனச்சே?"

"கத்தறதுக்கு ஒரு உதாரணம் கேட்டாங்க."

அவள் அப்பா டீ டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். "உங்க அம்மாவுக்கு அதெல்லாம் வரும். தறில உக்காந்தா வரும். எழுந்தா மறந்துடுவா."

இருவரையும் ஒரு பிடி பிடித்தேன். எவ்வளவு நேரம் பிடித்தேன் என்றால், பக்கத்து வீட்டு அம்மா வந்து என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதற்கிடையில் என் கணவர் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்கிற ஜாதியே இல்லை அவர். "உன் பக்கம் சரியா போவுதா?" என்று அடிக்கடி கேட்க ஆரம்பித்தார். எனக்குச் சுள்ளென்று வரும். "எனக்குத் தெரியாதா? இத்தினி வருஷமா இன்னா பண்ணிக்கினு இருக்கேன்?" என்பேன். அவர் நாடாவை வீசிக்கொண்டே இருப்பார். வலப்பக்கம் வைத்த டீயை அவர் கை தேடித் தேடி, ஒரு நாள் தட்டியும் விட்டபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இடது கண்ணை என் கையால் பொத்தி, என் முகம் தெரிகிறதா என்று கேட்டேன். "நீ இருக்கறது தெரியுது" என்றார்.

அன்றைக்கு நான் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். எத்தனை மாதமாக இந்த மனுஷன் ஒற்றைக் கண்ணில் ஜரிகை நெய்திருக்கிறார்.

ஊருக்கு வெளியே ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் தெளிவாகிவிடும் என்றார் டாக்டர். இடது கண் நன்றாகவே இருந்தது. அது ஒன்றை வைத்துத்தான் அவர் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வலது சரியா வரலன்னாகூட இடது இருக்குது இல்ல?" இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகுதான் சரி என்று தலையாட்டினார்.

ஆபரேஷன் அன்று காலையில் பச்சை அங்கி, தலைக்குத் தொப்பி எல்லாம் மாட்டி, தியேட்டருக்கு வெளியே ஒரு ஹாலில் வரிசையாக உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் அவரவர் ஃபைல். சிஸ்டர் வரிசையாக வந்து, ஃபைலைப் பார்த்து, எந்தக் கண்ணோ அதற்கு மேலே நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, கண்பாப்பா விரிகிற சொட்டு மருந்து போடுவார். பிறகு ஒவ்வொருவராக உள்ளே. நான் வழக்கம்போல அவருக்கு வலப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அவருக்கு அடுத்த நாற்காலியில் திருமுக்கூடலில் இருந்து வந்த ஒரு பெரியவர். அவர் தலைக்கு நேர் மேலே ஏசி. மனிதர் மெல்லிய அங்கிக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். என் கணவருக்குப் பொறுக்குமா. எழுந்துவிட்டார்.

"பெரியவரே, இங்க வந்து உக்காருங்க. எனக்குக் குளிர் பழக்கம்."

என்ன பழக்கம், ஊட்டியிலா நெய்கிறார். பெரியவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல, இவர் கையைப் பிடித்து உட்கார வைக்க, இருவரும் நாற்காலி மாறினார்கள். ஃபைல்கள் மாறவில்லை. அவை அந்தந்த நாற்காலியின் முதுகிலேயே தொங்கின. இது என் கண்முன்னால்தான் நடந்தது. எனக்கும் உறைக்கவில்லை. எவ்வளவு நல்ல மனுஷன் என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து செக்யூரிட்டி வந்தார். கூட வந்தவர்கள் எல்லாம் கேன்டீனில் போய் உட்காருங்கள் என்று கையை வீசிக்கொண்டே வந்தார். "இருக்கேன்பா, ஓரமா நின்னுக்கறேன்" என்றேன். "ரூல்ஸ்மா" என்றார். அந்தச் சொல்லுக்கும் அந்தக் கைவீச்சுக்கும் என் தென்னேரித் தொண்டை திறந்துகொண்டது. ஆட்டை ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறாயா, நாங்கள் என்ன வேடிக்கை பார்க்கவா வந்தோம், காலையில் இருந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கவில்லை தெரியுமா என்று ஆரம்பித்தேன். தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. அதெல்லாம் கத்தும்போது யாருக்கு நினைவிருக்கும். ஹாலில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கும் அதில் ஒரு தெம்பு.

மூச்சு வாங்கத் திரும்பினேன். என் கணவர் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஸ்டிக்கர் அவருடைய இடது புருவத்துக்கு மேலே இருந்தது. சின்ன வயசு சிஸ்டர் ஒருத்தி அந்த இமையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

நல்ல கண். அவருக்கு இருக்கிற ஒரே கண்.

"சிஸ்டர், அய்யோ, அது..." என்று கத்தினேன். அவள் திரும்பவே இல்லை. திரும்புவாளா, அந்த ஹாலில் என் கத்தல் அதற்குள் விலை இழந்திருந்தது. "அம்மா, மறுபடியும் ஆரம்பிக்காதீங்க" என்றார் செக்யூரிட்டி. "கொஞ்சம் வெளிய இருங்கம்மா, பேஷன்ட்டு டென்ஷன் ஆவாங்க" என்றாள் அவள். ஒரு சொட்டு விழுந்தது.

அடுத்த நிமிடம் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னை நன்றாக அறிவேன். அந்த வெள்ளை உடுப்பு திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால், படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியாதா என்று என் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். கேன்டீனில் போய் உட்கார்ந்து சாமிக்கு வேண்டிக்கொண்டிருப்பேன். ஆனால் என் கால்கள் அதற்குள் அவருக்கு வலப்பக்கம் போய் நின்றிருந்தன. அங்கே நின்றால் வருகிற குரல் ஒன்று எனக்கு உண்டு. அதுதான் வந்தது.

"நிக்கட்டும்," என்றேன்.

அவள் கை நின்றது. அந்தச் சொல்லால் அல்ல. அதே பொம்பளையிடம் இருந்து வேறு குரல் வந்ததால் இருக்கலாம். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவரது வலது புருவத்தை விரலால் காட்டினேன்.

"வலது கண்ணுக்குத்தான் வந்திருக்கோம். இவரும் அந்தப் பெரியவரும் நாற்காலி மாறிக்கினாங்க, ஃபைல் மாறல. ஃபைல்ல பேரைப் பாருங்கம்மா."

இவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை, ஆச்சரியமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வெள்ளை உடுப்பின் முன்னால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

அவள் ஃபைலை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். என் கணவரிடம் பெயரைக் கேட்டாள். சொன்னார். ஃபைலில் இருந்தது வேறு பெயர். பெரிய சிஸ்டரை அழைத்து வந்தாள். இடது புருவ ஸ்டிக்கரைக் கிழித்தார்கள், வலது பக்கம் ஒட்டினார்கள், பெரியவரின் ஃபைலை அவரிடம் கொடுத்தார்கள். அவருக்குத்தான் இடது கண்ணில் ஆபரேஷன். விழுந்த சொட்டால் கெடுதல் இல்லை, சாயங்காலம் வரை மங்கலாக இருக்கும், அவ்வளவுதான் என்றார் பெரிய சிஸ்டர். உள்ளே போன பிறகும் டாக்டர் இன்னொரு முறை கேட்டுத்தான் செய்வார் என்றும் சொன்னார். இருக்கலாம். நம்புகிறேன். ஆனால் அந்தச் சின்னப் பெண், எல்லோரும் பார்க்க, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேளை சொன்னீங்கம்மா. என் தப்புதான், பேர் கேட்டிருக்கணும்."

அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு மனசு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நீ யார் எனக்குச் சொல்ல என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று இன்றைக்கும் விளக்கேற்றும்போது நினைக்கிறேன். செக்யூரிட்டியும் தன் ஸ்டூலைத் தூக்கிவந்து எனக்குப் போட்டார். "முன்னாடியே இப்பிடிப் பேசியிருந்தா நானே இருக்கச் சொல்லி இருப்பேன்மா" என்றார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலது கண்ணில் கட்டு, இடது கண்ணில் அந்த ஒரு சொட்டின் மங்கல். அன்றைக்கு அவருக்கு எதுவுமே தெரியவில்லை. ஆட்டோவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் நான் அவரை ஒரு பிடி பிடித்தேன்.

"இடது கண்ணுல ஒட்டறாங்களே, வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? முத்தா உதிர்ந்துடும்?"

"கேட்டாங்க. இடதுதானே ஐயான்னு கேட்டாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் உன்னைத் திரும்பிப் பாத்தேன்."

எனக்குப் புரியவில்லை. "என்னை எதுக்குப் பாத்தீங்க?"

"தப்பு நடந்தா நீதானே சொல்லுவே," என்றார், அதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல. "நீ செக்யூரிட்டியோட பேசிக்கினு இருந்தே. சரி, வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

தலையில் அடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும், இரண்டையும் அவர் பிடித்திருந்தார். இப்படி ஒரு மனுஷன் உலகத்தில் இருப்பாரா. தன் கண்ணை ஒருவர் மாற்றித் திறக்கிறார், இவர் பொண்டாட்டி நிக்கட்டும் சொல்வாள் என்று கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கூடத்தில் நாங்கள் போட்டுக்கொண்ட ஏற்பாட்டை நான் வாசலோடு விட்டுவிட்டேன். அவர் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார்.

"நான் அந்தாளோட சண்டை போட்டுக்கினே இருந்திருந்தா?"

"நீ வராம எங்க போயிடுவே," என்றார்.

ஆட்டோக்காரர் வேறு வழியில் சுற்றிக்கொண்டு போனதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு செக்கப்புக்குப் போன நாளில் திருமுக்கூடல் பெரியவரைப் பார்த்தோம். எங்களுக்காக ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார். நாற்காலி கொடுத்ததற்காம். "அந்த நாற்காலியாலதான் இவ்ளோ பேஜாரு" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. என் மகளுக்கு முழுக் கதையும் சொன்னேன். "அம்மா, டிரெய்னிங்ல நீதான் பெஸ்ட் எக்ஸாம்பிள்" என்று தலையில் முத்தம் கொடுத்தாள். எதற்கு உதாரணம் என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

தறியில் உட்காரலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அவர் குளித்து, விபூதி இட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு தறிக் குழியில் காலை இறக்கினார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. பாதியில் நின்ற புடவை. நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். அவர் கரையைப் பார்த்தார். "இது இவ்ளோ செவப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நெய்ய ஆரம்பித்தார். எனக்கு அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று. மனசு லேசாகி, ஆஸ்பத்திரிக் கதையை எல்லாம் அசைபோட்டுக்கொண்டே நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"நிக்கட்டும்," என்றது ஒரு குரல்.

என் குரல் அல்ல. எங்கள் தறியில் அந்தச் சொல்லை அதுவரை நான் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அவர் மிதியில் இருந்து காலை எடுத்துவிட்டு, வலப்பக்கம் சாய்ந்து, என் கரையில் ஓரிடத்தை விரலால் காட்டினார். ஓர் இழை தப்பியிருந்தது. நான் பார்க்கவே இல்லை.

எனக்குச் சுள்ளென்று வந்தது. யாருக்குச் சொல்கிறார், எனக்கா, இவர் குருடாக இருந்த நாளெல்லாம் இந்தக் கரையை யார் பார்த்தது, எனக்குத் தெரியாதா. வார்த்தை உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. வந்த இடத்தில் எனக்குச் சுரீரென்றது. நான் நிக்கட்டும் சொன்ன ஒவ்வொரு தடவையும் இது அவருக்கும் வந்திருக்கும் இல்லையா. கல்யாணமான புதிதில், அப்பா வாசலில் இருக்கும்போது, அம்மா அடுப்படியில் இருக்கும்போது, தறியே தெரியாத வீட்டில் இருந்து வந்த ஒருத்தி சொல்லும்போது. ஒரு தடவையாவது முகம் சுளித்திருக்கிறாரா. சொல்லத் தெரிந்தவள் நான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நின்று கொடுத்ததால்தான் எனக்குச் சொல்லவே வந்தது. அந்த மனுஷனுக்கு நான் பட்டிருக்கும் கடன் கொஞ்சமா.

குனிந்தேன். இழையைப் பிரித்தேன், சரியாகக் கோத்தேன்.

"போலாமா?" என்று நான் கேட்டேன்.

ஓடட்டும் என்பார் என்று நாடாவை விரலில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் இன்னும் என் பக்கமாகவே சாய்ந்திருந்தார். தப்பிய இடத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, நெய்து முடித்துச் சுருட்டியிருந்த கரையை, விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரு," என்றார். "இத்தினி நாளா இவ்ளோ நல்லா போட்டுக்கினு இருந்திருக்கியே. ஒரு வார்த்த சொன்னியா?"

நீங்கள் கேட்டால்தானே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் பார்த்து முடிக்கிற வரைக்கும் தறி நின்றது.